ஆறிப்போன டீ என்ன அணி?

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் டீச்சர், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஹசீனா ஊசியை மேல் ஈற்றில் இறக்கியபோது, வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்த உமையாளின் மனசு, வலிக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, முதல் காரியமாக ‘மாதிரி’ என்பதை உவம உருபு என்று குறித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வலி வந்தது. எறும்பாம், எந்த ஊர் எறும்பு இப்படிக் கடிக்கும், எங்கள் செக்காலை ரோட்டு எறும்பெல்லாம் இவ்வளவு மோசமில்லையே, உவமைக்கும் பொருளுக்கும் கொஞ்சமாவது பொருத்தம் வேண்டாமா, இந்தப் பெண் பத்தாம் வகுப்பில் என் கையில் மாட்டியிருந்தால் அரை மார்க் குறைத்திருப்பேன் என்று நினைத்து, கண்ணில் நீர் முட்ட, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அணி இலக்கணம் நடத்தி நடத்தி அவளுக்கு இப்படி ஆகிவிட்டது. யார் என்ன பேசினாலும் என்ன பேசினார்கள் என்பது இரண்டாவதாகத்தான் காதில் விழும், அது என்ன அணி என்பது முன்னாலேயே வந்து நிற்கும். பஸ்ஸில் கண்டக்டர் “உள்ள கடலாட்டம் இடம் கிடக்கு, போங்கம்மா” என்றால் உயர்வு நவிற்சி. தாமதமாக வந்த அன்றைக்குத் தலைமையாசிரியர் “வாங்க, உங்களைப் பார்த்துத்தான் எல்லாரும் நேரந்தவறாமை கத்துக்கணும்” என்றால் வஞ்சப் புகழ்ச்சி. திட்டு வாங்கிய வருத்தம் ஒரு பக்கம் இருக்க, அட, என்ன கச்சிதமான உதாரணம், நாளைக்கு வகுப்பில் சொல்லலாமே என்று உள்ளுக்குள் ஒரு குதியாட்டம் வேறு. இந்தக் குதியாட்டத்தால்தான் நேற்று சாயங்காலம் எல்லாம் கெட்டது. எதிர்ச்சுவரில் கொக்கி ஒன்றில் அவள் கைப்பை தொங்குகிறது, கைப்பைக்குள் போன் இருக்கிறது, போனுக்கு அந்தப் பக்கம், மாவட்டத் தலைநகரில், இடமாறுதல் கலந்தாய்வு நடக்கிற ஏதோ ஒரு ஹாலில், கதிரேசன் சார் தன் முறைக்காக உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரைக் கூப்பிடுவதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய வாயை டாக்டர் ஹசீனா வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று கடைசி மணி அடித்து எல்லோரும் போனபின் ஆசிரியர் அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் வழக்கம்போல பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவளிடம் ஒரு டம்ளரை நகர்த்திவிட்டு, கணக்கு வாத்தியாருக்கே உரிய முறையில் விஷயத்தை நேராகப் போட்டார். “நாளைக்குக் கலந்தாய்வு டீச்சர். கோயமுத்தூர்ப் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. தேனம்மை அங்கதான் படிக்குது. போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்க சொன்னா இருந்துடுவேன்.” தேனம்மை அவர் மகள். தாய் போய்ப் பல வருஷமான பெண்ணைத் தனியாக வளர்த்துக் காலேஜுக்கு அனுப்பிவிட்டவர். உமையாளுக்குக் கன்னமெல்லாம் சூடாகி, ஏற்கெனவே தெறித்துக்கொண்டிருந்த கோரைப்பல் இன்னும் ஒரு தெறி தெறித்தது. “நான் சொல்லி நீங்க இருக்கணும்னு என்ன சார் இருக்கு?” என்றாள். அவர் தம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “நீங்க லீவு போட்ட அன்னிக்கு டீ ஆறிப்போயிடுது டீச்சர்” என்றார். அந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஏதாவது ஒன்று செய்திருப்பாள், சிரித்திருப்பாள், கோபித்திருப்பாள், எழுந்தாவது போயிருப்பாள். உமையாள் என்ன செய்தாள்? தலையை ஒருபக்கமாகச் சாய்த்து யோசித்து, “இது உயர்வு நவிற்சி அணி சார். டீ யார் லீவு போட்டாலும் ஒரே மாதிரிதான் ஆறும். நீங்க மிகைப்படுத்திச் சொல்றீங்க” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் தெரிந்தது. தப்பாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டுக் கரும்பலகையைப் பார்க்கிற முகம். “அப்படியா” என்றார். பிளாஸ்க்கை மூடினார். “பல்லுக்குக் கிராம்பு வைங்க டீச்சர், நாளைக்கு டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மோட்டார் சைக்கிள் கேட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்கும்வரை அவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

இப்போது மூக்கின் ஓரத்திலிருந்து மரத்துக்கொண்டு வந்தது. முதலில் மேலுதடு தடித்தது, பிறகு தடித்ததும் தெரியாமல் போனது, கன்னத்தில் யாரோ அட்டை ஒட்டின கணக்காக ஒரு பகுதி அவளுடையதே இல்லை என்று ஆயிற்று. “மரத்துடுச்சா டீச்சர்?” என்று டாக்டர் கேட்டாள். வாய்க்குள் இரண்டு பஞ்சுச் சுருள், எச்சில் உறிஞ்சுகிற குழாய், இதோடு பதில் வேறு வேண்டுமாம். “ஆ” என்றாள். “இந்த வருஷம் ரிசல்ட் எப்படி வரும்?” “ஆ.” “எங்க அக்கா மகன் தமிழ்லதான் மார்க் குறைஞ்சுட்டான், என்ன பண்ணலாம்?” “ஆ.” டாக்டருக்கு எல்லாப் பதிலும் திருப்தியாக இருந்தது போலிருக்கிறது, ம், ம் என்று தலையாட்டிக்கொண்டே டிரில்லை எடுத்தாள். அந்தச் சத்தம் தலைக்குள் ஏறி மூளையின் மச்சுவரை போய் இறங்கியது. உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் கதிரேசன் சார்தான் வருகிறார். போன ஆடியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, “டீச்சர், இந்த உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்? தேனம்மை ஏதோ பரிட்சைக்குப் படிக்குது, போன்ல சந்தேகம் கேக்குது, எனக்குச் சொல்லத் தெரியலை” என்று நின்றாரே, அங்கே ஆரம்பித்தது. அவள் மலர்முகம், முகமலர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே, “அப்ப உவமைன்னா ஏறக்குறைய சமம். உருவகம்னா சமக்குறியே போட்டாச்சு. அப்படித்தானே?” என்றார். இருபது வருஷத்தில் இவ்வளவு சுருக்கமாக அதைச் சொன்னவர் யாரும் இல்லை, அவளே இல்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது, வீட்டுக்குப் போய் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அடுத்த வாரம் தற்குறிப்பேற்றம் கேட்டார். “தன்பாட்டுக்கு நடக்கிற ஒண்ணுக்கு நாமளா ஒரு காரணத்தை ஏத்திச் சொல்றது சார். இப்ப மரம் காத்துல ஆடுது, அது நம்மளை வான்னு கூப்பிடறதா சொன்னா, அது தற்குறிப்பேற்றம்.” அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாலரைக்கு ஸ்கூல் மணி அடிக்குதே, அது டீச்சர் வீட்டுக்குப் போறாங்களேன்னு அழுவுது. சரியா?” “ரொம்பச் சரி சார்! புதுசா இருக்கு, அருமையான உதாரணம்!” என்று அவள் கையைத் தட்டினாள். கையைத் தட்டினாளே தவிர, எந்த டீச்சர் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? டிரில் நிற்கிறது, கொப்பளிக்கச் சொல்கிறாள், மரத்த உதட்டின் வழியாகத் தண்ணீர் மோவாயில் வழிகிறது, டிரில் மறுபடி ஓடுகிறது. எந்த டீச்சர் என்று இப்போதுதான் கேட்கிறாள்.

அப்படியானால் முல்லைப் பூ? தீபாவளிக்கு முந்தின நாள், ஸ்வீட் டப்பாவோடு வந்து, காதுமடல் சிவக்க, “உவமைக்கு ஒண்ணு யோசிச்சேன் டீச்சர். உங்க சிரிப்பு முல்லைப் பூ மாதிரி இருக்கு” என்றபோது அவள் என்ன சொன்னாள், ஐயோ, அதை நினைத்தால் பல் தேவலாம், “இலக்கணம் சரிதான் சார், ஆனா தேஞ்சுபோன உவமை, இன்னும் கொஞ்சம் புதுசா முயற்சி பண்ணுங்க” என்றாளே! அந்த மனுஷர், “சரி டீச்சர்” என்று வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்ட பையனைப் போல் போனாரே! அவர் கொண்டுவந்து வைத்ததையெல்லாம் அவள் விடைத்தாளாகவே பார்த்திருக்கிறாள். டிக் போட்டிருக்கிறாள், சுழித்திருக்கிறாள், மார்க் கொடுத்திருக்கிறாள், படித்துத்தான் பார்க்கவில்லை. பொங்கல் விடுமுறையில் தேனம்மை பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள், ஒல்லியாக, அப்பாவின் அதே நெற்றி. “அணி இலக்கணமெல்லாம் எப்படிப் போகுதும்மா?” என்று உமையாள் அன்பாக விசாரித்தாள். “தமிழா ஆன்ட்டி? நான் பிளஸ் டூவிலேயே பிரெஞ்சு எடுத்துட்டேனே” என்றது அந்தப் பெண். உமையாள் அப்போது என்ன நினைத்தாள் தெரியுமா? பாவம், பெண்ணுக்குத் தமிழில் விட்ட இடத்தை இப்போது பிடிக்க ஆர்வம் வந்திருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறது என்று நினைத்தாள். இப்படி ஒரு மண்டு தமிழாசிரியையை அரசாங்கம் எப்படித்தான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறதோ. தேனம்மை அன்றைக்குப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பில் கேலி இருந்தது, ஆனால் முள் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பெண்ணுக்குச் சம்மதம். இந்த எண்ணத்தில் வந்தது பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கொக்கியில் கைப்பை அதிர்ந்தது. உள்ளே போன் அடிக்கிறது. உமையாள் எழப் பார்த்தாள். “அசையாதீங்க டீச்சர், வேர்ல ஊசி இருக்கு” என்று டாக்டர் தோளை அழுத்தினாள். கைப்பை சுவரில் தட்டித் தட்டி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. அவர்தான். தங்கை அழகம்மையாகவும் இருக்கலாம், பல் என்னாச்சு என்று கேட்க. இல்லை, அவர்தான், முறை நெருங்கியிருக்கும், கடைசியாக ஒருதரம் கேட்டுவிடலாம் என்று அடித்திருப்பார், எடுக்கவில்லை என்றதும் சரி, அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டிருப்பார், கணக்கு வாத்தியாருக்கு விடை வராத கணக்கு பூஜ்யம்தானே. கோயம்புத்தூர் என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அந்த நாற்காலியில் யாரோ ஒரு புது சார் வந்து உட்காருவார், வணக்கம் டீச்சர் என்பார், அவருக்கும் ஒரு பிளாஸ்க் இருக்கும், ஆனால் அது அவருடைய பிளாஸ்க். நேற்று ராத்திரி அழகம்மையிடம் மெதுவாக விஷயத்தைத் தொட்டபோது அவள் வாயைப் பிளந்தாள். “நாப்பத்திமூணு வயசுல கல்யாணமா? அக்கா, ஊர் சிரிக்கும்க்கா.” அந்த ‘ஊர் சிரிக்கும்’ ராத்திரி முழுக்க, பல்வலிக்கும் தூக்கத்துக்கும் நடுவில், சிரித்துக்கொண்டே இருந்தது. ஊர் சிரிக்கும். இப்போது டிரில் ஓயவும் அவள் அதையே மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தாள். ஊர் எப்படிச் சிரிக்கும்? ஊருக்கு வாயா இருக்கிறது? ஊர் என்ற இடத்தின் பெயர் அங்கே இருக்கிற ஆட்களுக்கு ஆகி வருகிறது, இடவாகுபெயர். சரி, அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடலாம், வரட்டும். யார் யார் சிரிப்பார்கள்? தலைமையாசிரியர் சிரிக்க மாட்டார், அவருக்கு எதற்குமே சிரிப்பு வராது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் வீட்டு வழக்கே பெரிய வழக்கு. வேதியியல் டீச்சர் நிச்சயமாகச் சிரிப்பாள், ஆனால் அவள் புடவைக் கரை சரியாக இல்லை என்றாலும் சிரிப்பாள். சொந்தத்தில் இரண்டு சித்தப்பா, சித்தி, அவர்கள் சிரிப்பதற்கு முன் எங்களுக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வார்கள். அழகம்மை சிரிப்பாள், அப்புறம் புடவை எடுக்க முதல் ஆளாக வந்து நிற்பாள். அவ்வளவுதான் ஊர். இந்த நாலு பேரைப் பார்த்தா ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தோம்? பஞ்சுச் சுருளுக்கு நடுவே உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆகுபெயரை இத்தனை வருஷம் நடத்தியிருக்கிறாள், அது இப்படி உபயோகப்படும் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை.

பல்லுக்குள் ஏதோ மருந்து வைத்தாள் டாக்டர். கிராம்பு வாசனை. நேற்று சாயங்காலம் அவர் சொன்ன கிராம்பு. வாசனை மூக்கில் ஏறியதும் டீ ஞாபகம் வந்தது, கிராம்பு தட்டிப் போட்ட டீயைத்தான் அவர் கொண்டுவருவார், டீ ஞாபகம் வந்ததும் ஆடை படிந்த ஒரு டம்ளர் எங்கிருந்தோ வந்து கண்முன் நின்றது. இது எப்போது? மாசியில். பேங்க் வேலையாக அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம் வந்த அன்றைக்கு. ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் அவள் மேஜையில், விடைத்தாள் கட்டை ஒட்டி, ஒரு டம்ளர் நிறைய டீ. ஒரு வாய் குடிக்காத டீ. ஆறி, மேலே சுருக்கம் விழுந்த ஆடை, அதில் ஒரு கொசு வேறு. “யார் சார் இங்க டீயைக் கொண்டுவந்து வச்சது? பேப்பர்ல கொட்டினா என்ன ஆகிறது?” என்று அவள் பொதுவாகக் கத்தினாள். வேதியியல் டீச்சர் தோளைக் குலுக்கினாள். கதிரேசன் சார் டைம்டேபிளுக்குள் தலையை விட்டிருந்தவர், எழுந்து வந்து அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வெளியே வேப்பமரத்தடியில் ஊற்றி, குழாயில் அலம்பி, துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். என்ன சுத்தமான மனுஷர், யாரோ வைத்த டம்ளரைக்கூட அலம்புகிறாரே என்று அன்றைக்கு அவள் மெச்சிக்கொண்டாள். யாரோ வைத்த டம்ளர்! அவள் இல்லாத நாளிலும் அவர் கை இரண்டு டம்ளரில் ஊற்றியிருக்கிறது. ஒன்றை அவர் குடித்திருக்கிறார், ஒன்று அவள் மேஜையில் இருந்து ஆறியிருக்கிறது. அவள் லீவு போட்ட ஒவ்வொரு நாளும். நீங்க லீவு போட்ட அன்னிக்கு டீ ஆறிப்போயிடுது டீச்சர். அதில் மிகை எங்கே இருக்கிறது? உவமை இல்லை, உருவகம் இல்லை, எதன்மேலும் எதையும் ஏற்றவில்லை. ஆறுகிற டீயை ஆறுகிறது என்று சொன்னார். உள்ளதை உள்ளபடி, அதற்குமேல் ஒரு நூல்கூட இழுக்காமல் சொல்வதற்கும் ஓர் அணி இருக்கிறது, இயல்பு நவிற்சி. வகுப்பில் அதைக் கடைசியில் அவசர அவசரமாக, மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவாள், இதில் என்ன நயம் இருக்கிறது என்று அவளுக்கே உள்ளூர ஓர் இளப்பம். பூ மாதிரி என்றார், தேய்ந்தது என்றாள். புதிதாக யோசித்து மணி அழுகிறது என்றார், மார்க் போட்டாள். கடைசியில் ஒப்பனையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார், பொய் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாக மாறி, அந்தச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நாற்காலியே ஆடுகிற அளவுக்கு உடம்பைக் குலுக்கியது. டாக்டர் பதறிக் கையை எடுத்தாள். “என்ன டீச்சர்? வலிக்குதா? நரம்பைத் தொட்டுட்டேனா?” தொட்டுவிட்டாய் அம்மா, நல்லா தொட்டுவிட்டாய், சீக்கிரம் முடி.

முடித்தாள். தற்காலிகமாக அடைத்து, கடித்துப் பார்க்கச் சொல்லி, பஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு, “மேலுதடு கொஞ்ச நேரத்துக்கு உங்க பேச்சைக் கேக்காது. பேசாம இருங்க, சூடா எதுவும் குடிக்காதீங்க” என்று எச்சரித்தாள். உமையாள் எழுந்து பாய்ந்து கைப்பையைப் பிடுங்கினாள். தவறிய அழைப்பு ஒன்று. கதிரேசன் சார். அழகம்மை இல்லை. குறுஞ்செய்தி அனுப்பலாமா? அவள் எழுதி, சந்திப்பிழை பார்த்து, ஒருதரம் அழித்து, மறுபடி எழுதி அனுப்புவதற்குள் அவர் கோயம்புத்தூரில் பென்ஷனே வாங்கிவிடுவார். பேசித்தான் ஆகவேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று, “போகவேண்டாம்” என்று சொல்லிப் பார்த்தாள். உதடு ஒட்டவில்லை. காற்றுத்தான் வந்தது, கூடவே கொஞ்சம் எச்சில். மறுபடி முயன்றாள், அதே கதை. தண்ணீர் குடிக்கத் தெரியாத கன்றுக்குட்டி கணக்காக வாய் கோணிக்கொண்டது. உதடு ஒட்டாமல் என்னதான் பேச முடியும் என்று தவித்த அந்தக் கணத்தில், இருபது வருஷத் தமிழ் எங்கோ மூலையிலிருந்து எழுந்து வந்து கைகொடுத்தது. உதடு ஒட்டாமலே பாட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? இதழகல் என்று அதற்குப் பேர், நிரோட்டகம் என்றும் சொல்வார்கள். ப, ம, வ வரக்கூடாது, உதட்டைக் குவிக்கிற உ, ஒ வரக்கூடாது, பாட்டு முழுக்க உதடுகள் ஒன்றையொன்று தொடாமலே போகும். வேலையற்றவர்கள் செய்த வித்தை என்று கல்லூரியில் அவள் கிண்டல் பண்ணியிருக்கிறாள். இப்போது மனசு பரபரவென்று சொற்களை எடுத்துச் சல்லடையில் போட்டது. வேண்டாம், நிற்கவில்லை, விழுந்தது. மாட்டேன், விழுந்தது. முடியாது, பிடிக்கவில்லை, அப்புறம் பார்க்கலாம், யோசித்துச் சொல்கிறேன், எல்லாம் விழுந்தது. அட! பெண் பார்க்க வந்த அத்தனை பேருக்கும் அவள் சொல்லியனுப்பிய பதில்கள் இவை. இவற்றில் ஒன்றையும் இன்றைக்கு அவளால் சொல்ல முடியாது. ‘இல்லை’ ஒன்றுதான் தப்பிப் பிழைத்திருக்கிறது, அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. நாற்பத்திமூன்று வருஷமாக மறுத்துப் பழகிய வாயை ஓர் ஊசி போட்டுக் கட்டிவிட்டாளே இந்த ஹசீனா! அந்தச் சந்தோஷத்தில் போனை அழுத்தினாள். மணி போகிறது. இன்னும் போகிறது. எடுங்கள் சார். கூப்பிட்டிருப்பார்களோ, தட்டியிருப்பாரோ, எடுங்கள் சார்.

“டீச்சர்? பல்லு எப்படி இருக்கு?” என்றது அவர் குரல், பின்னால் ஒரு ஹால் நிறைய இரைச்சல். முதலில் பல்லைக் கேட்கிறார். உமையாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “கதிரேசன் சார்” என்றாள். சொன்ன பிறகுதான் கவனித்தாள், அந்தப் பெயரில் உதட்டுக்கு வேலையே இல்லை, சுத்தமாக, முழுசாக வந்தது. இத்தனை நாள் கூப்பிட்ட பெயர்தான், இன்றைக்குத்தான் அதன் ருசி தெரிந்தது. “சொல்லுங்க டீச்சர். அடுத்து நான்தான். பெயரைக் கூப்பிடப் போறாங்க.” “இங்கேயே” என்றாள். “என்ன டீச்சர்?” “இங்கேயே, கதிரேசன் சார். இங்கேயே.” அந்தப் பக்கத்து இரைச்சலில் யாரோ இருமினார்கள், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மிக மெதுவாக, பயந்து பயந்து, அந்தக் குரலில் லேசாக ஒரு குறும்பும் எட்டிப்பார்க்க, “இது என்ன அணி டீச்சர்?” என்று கேட்டார். கேட்கட்டும், அவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது, ஒரு வருஷத்து மார்க்கையெல்லாம் திருப்பிக் கேட்கிற உரிமை இருக்கிறது. அவள் கண்ணாடியில் கோணிக்கிடந்த தன் வாயைப் பார்த்தாள், சிரித்தால் ஒரு பக்கம்தான் ஏறுகிறது, முல்லையாவது மண்ணாவது. “அணி இல்லை சார்” என்றாள்.

அந்தப் பக்கத்தில் யாரோ ஓர் அதிகாரி அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டார். “இருங்க, வைக்காதீங்க” என்றார் அவர். காலடிச் சத்தம், அப்புறம் கொஞ்சம் தள்ளி, போனுக்குச் சொல்லாமல் வேறு யாருக்கோ சொல்கிற அவர் குரல் தெளிவாகக் கேட்டது: “எனக்கு மாறுதல் வேண்டாம் சார். இருக்கற இடமே போதும்.” வேண்டாம் என்ற சொல்லை உமையாள் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள், பிறர் சொல்லியும் கேட்டிருக்கிறாள். அது இப்படி இனிக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். டாக்டருக்கு உதவியாக நின்ற பெண் “டீச்சர், சேலையெல்லாம் நனையுது” என்ற பிறகுதான் குனிந்து பார்த்தாள், மரத்துப்போன கன்னத்தின் வழியாக அவளுக்குத் தெரியாமலே கண்ணீர் இறங்கித் தலைப்பை நனைத்திருந்தது. டாக்டர் ஹசீனா கையுறையோடு ஓடிவந்தாள். “அழறீங்களே டீச்சர்! ரொம்ப வலிக்குதா?”

“இல்லை டாக்டர்” என்றாள் உமையாள், உதடு ஒட்டாமல்.